சட்டையில் ஒரு சாட்சி



இறப்பர் மரத்திற் பால் வெட்டும் கத்தியை உங்களிற் பலர் பார்த்திருப்பீர்கள். பார்த்திராதவர்க்குச் சொல்கின்றேன். அது ஒரு சாண் நீளத்துச் சிறு கருவி; நுனி வளைந்து, வாய்க்கால் போலக் குழிந்திருக்கும். மரத்தின் பட்டையை மெல்லிய சீவலாகச் சீவுவதற்கு அதைவிடச் சிறந்த கருவி இல்லை. கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் இறப்பர்த் தோட்டங்களில் விடியற்காலையில் மலையேறும் ஆணும் பெண்ணும் அதைக் கையிற் பிடித்தே செல்வர். பாலைக் கொண்டுவந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும் போதும் அது அவர்களோடேயே வரும். ஆசிரியருக்குச் சுண்ணக்கட்டி எப்படியோ, பால் வெட்டுபவருக்கு அது அப்படி.

அத்தகைய ஒரு கத்தியைப் பற்றிய வழக்கிலிருந்து இன்றைய பேச்சைத் தொடங்க விழைகின்றேன்.

சபரகமுவை மாகாணத்து நீதிமன்றம் ஒன்றிற் பல ஆண்டுகள் மொழிபெயர்ப்பாளனாகக் கடமையாற்றியவன் நான். தோட்டத்து மக்கள் எங்களை 'முதலியார் ஐயா' என்று அழைப்பார்கள். ஒருநாள் சாட்சிக் கூண்டில் ஏறியவர், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பால்வெட்டுத் தொழிலாளி. நண்பகலில் வேலை முடிந்து வரும் வழியில், ஒற்றையடிப் பாதை பற்றிய தகராற்றில் ஒருவன் அவரை அடித்துக் கையை முறித்துவிட்டான் என்பது முறைப்பாடு. அடிபட்டவர் அவர், முறைப்பாட்டாளரும் அவரே. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழுந்து, பொலிஸ் நிலையத்தில் அவர் அளித்த வாக்குமூலத்தைக் கையில் எடுத்தார். "நான் கத்தியுடன் அவ்விடத்திற்குச் சென்றேன் என்று பொலிசாரிடம் கூறினீரா, இல்லையா?" என்று கேட்டார். நான் அதனைத் தமிழாக்கினேன். கிழவர் திகைத்தார். "அப்படிச் சொல்லவில்லை, சாமி. கையிலே கத்தி இருந்ததா என்று கேட்டார்கள், இருந்தது என்றேன்" என்றார்.

நேயர்களே, இரண்டு வசனங்களையும் பக்கத்திற் பக்கமாக வைத்துப் பாருங்கள். கத்தி ஒன்றுதான், கை ஒன்றுதான். ஆனால் ஒரு வசனத்தில் நிற்பவர் வேலை முடிந்து வீடு திரும்பும் தொழிலாளி. மற்றைய வசனத்தில் நிற்பவர் ஆயுதபாணி. வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தது. அடியிற் கிழவரின் கைநாட்டு இருந்தது. அன்று அவருக்கு மொழி பெயர்த்தவர் பொலிஸ் நிலையத்திற்கு அருகிற் கடை வைத்திருந்த ஒருவர். அவரை நீதிமன்றுக்கு யாரும் அழைக்கவில்லை. முன்னுக்குப் பின் முரணான சாட்சி என்று கொள்ளப்பட்டது, எதிரி விடுதலையானான்.

அந்த வாக்குமூலத்தை எழுதிய பொலிஸ் உத்தியோகத்தர் வேண்டுமென்றே பொய் எழுதினார் என்று நான் அன்றும் எண்ணவில்லை, இன்றும் எண்ணவில்லை. அவர் கேட்டார், விடை கிடைத்தது, விடையை வசனமாக்கினார். வசனமாகியபோது கேள்வி மறைந்துவிட்டது. நமது குற்றவியல் நடபடிமுறைச் சட்டம், அதாவது 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம், இவ்விடயத்தில் நல்ல சட்டமே. வாக்குமூலம் முழுமையாக எழுதப்படல் வேண்டும் என்றும், அது எழுதப்பட்ட மொழி அவருக்கு விளங்காதாயின் விளங்கும் மொழியில் எடுத்துரைக்கப்படல் வேண்டும் என்றும், திருத்தவும் சேர்க்கவும் அவருக்கு உரிமை உண்டு என்றும் அதன் 110ஆம் பிரிவு விதிக்கின்றது. ஆயினும் அவ்வாறு எடுத்துரைக்கப்பட்டது என்பதற்குச் சான்று யாது? அதே தாளில், அதே கையால், அதே மொழியில் எழுதப்பட்ட ஒரு வரிதான். கிழவருக்கு அந்த வரியையும் வாசிக்கத் தெரியாது.

இந்த இடத்திலேதான் ஒரு புதிய கருவி பற்றிய பேச்சு எனக்குப் பொருளுடையதாகத் தோன்றுகின்றது. பொலிஸ் உத்தியோகத்தரின் சட்டையில், மார்பின் நடுவே பொருத்தப்படும் சிறிய கமராவைச் சொல்கின்றேன். இரண்டு தீப்பெட்டிகளை அடுக்கினாற் போன்ற பருமன், கைக்கடக்கமான எடை. படத்தையும் ஒலியையும் ஒருங்கே பதிவு செய்யும். நாளையும் மணியையும் படத்தின் மூலையிற் பொறித்துக்கொள்ளும். இவ்வகைக் கருவிகளிற் பலவற்றுக்கு ஒரு சிறப்புண்டு. விசையை அழுத்துவதற்கு முந்திய அரை நிமிடக் காட்சியையும் அவை தம் நினைவில் வைத்திருந்து பதிவோடு சேர்த்துவிடும். அடி விழுந்த பின்பு விசையை அழுத்தினாலும், அடி விழுந்த கணம் அகப்பட்டுவிடக்கூடும்.

பொலிசார் அனைவரும் இதனை அணிதல் வேண்டும் என்று சட்டம் செய்யலாமா என்னும் வினா, பிற நாடுகளில் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக ஆராயப்பட்டு வருகின்றது. இங்கிலாந்தின் பிளிமத் நகரில் 2005, 2006ஆம் ஆண்டுகளிலேயே பரீட்சித்துப் பார்த்தார்கள். அமெரிக்காவில் 2014ஆம் ஆண்டு பெர்குசன் நகரில் ஒரு கறுப்பின இளைஞர் பொலிசாராற் சுடப்பட்ட பின்னர் அது நாடெங்கும் பரவியது. நம் நாட்டிலும், குறிப்பாகப் போக்குவரத்துப் பொலிசார் தொடர்பாக, அவ்வப்போது இப்பேச்சு எழுகின்றது. ஆனால் அது எழும்போதெல்லாம் கொழும்பின் சந்திகளும் காலி வீதியுமே பேசுவோர் கண்முன் நிற்கின்றன. தெரணியகலைக்கு மேலே உள்ள தோட்டத்தை எவரும் நினைப்பதில்லை. இறக்குவானையையும் நினைப்பதில்லை.

கேகாலை மாவட்டத்து மக்கள் இதனை நினைக்கக் காரணமுண்டு. றம்புக்கனை நகரை அறிவீர்கள். கண்டிக்குச் செல்லும் புகைவண்டி மலையேறுமுன் மூச்சுவாங்கும் இடம். 2022ஆம் ஆண்டு ஏப்ரில் 19ஆம் நாள் அங்கே நடந்தது நம் நினைவை விட்டு நீங்காது. நாடு எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலம் அது. விலை மீண்டும் ஏறிய மறுநாள், மக்கள் வீதியையும் இருப்புப் பாதையையும் மறித்தனர். பொலிசார் கண்ணீர்ப்புகை விட்டனர்; பின்னர் துப்பாக்கியாற் சுட்டனர். ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமுற்றனர், காயமுற்றோரிற் பொலிசாரும் இருந்தனர். எரிபொருள் தாங்கி வண்டிக்குத் தீ வைக்க முற்பட்ட கூட்டத்தைத் தடுக்கவே சுட்டோம் என்றது பொலிஸ் தரப்பு. தீ வைக்க எவரும் முயலவில்லை என்றனர் அங்கு நின்றோர். மனித உரிமைகள் ஆணைக்குழு விசாரித்தது. அம்மாத இறுதியில், பொறுப்பாய் இருந்த சிரேஷ்ட பொலிஸ் அத்தியட்சகரைக் கைது செய்யுமாறு கேகாலை நீதவான் கட்டளையிட்டார்.

அன்று றம்புக்கனையிற் கமராக்கள் இல்லாமல் இல்லை. ஒவ்வொருவர் கையிலும் கைத்தொலைபேசி இருந்தது. அந்தக் காட்சிகளை அன்றிரவே நாடு முழுவதும் பார்த்தது. ஆனால் அவை யாவும் வெளியிலிருந்து எடுத்தவை. தொலைபேசி வைத்திருந்தவர் எப்போது அதை உயர்த்தினாரோ அப்போது தொடங்கி, எப்போது ஓடினாரோ அப்போது முடிந்தவை. ஒரு துப்பாக்கிச் சூட்டு விசாரணையில் முதற்கண் கேட்கப்படும் கேள்விகள் வேறு. கட்டளை இட்டவர் யார்? எச்சரிக்கை விடுக்கப்பட்டதா? எந்த மொழியில்? எச்சரிக்கைக்கும் வேட்டுக்கும் இடையே எத்தனை நிமிடம் கழிந்தது? துப்பாக்கியின் வாய் முழங்காலுக்குக் கீழே இருந்ததா, மேலே இருந்ததா? இவற்றுக்கு விடை தரும் ஒலியும் ஒளியும் பொலிசாரின் வரிசைக்குள்ளே, அவர்தம் மார்பளவு உயரத்தில் மட்டுமே கிடைக்கும். அங்கே எந்தக் கண்ணும் இருக்கவில்லை. இருந்திருந்தால், தாங்கி வண்டி பற்றிய பொலிசாரின் கூற்று உண்மையாயின் அதுவும் அன்றே நிலைநாட்டப்பட்டிருக்கும். அஃது அவர்களுக்கும் நன்மைதானே!

சற்றுப் பின்னோக்கிச் செல்வோம். தோட்டத் தொழிலாளர் வரலாற்றை அறிந்தோர் முல்லோயாவை மறவார். அது சபரகமுவையன்று, ஹேவாஹெற்றைப் பக்கத்துத் தோட்டம். 1940ஆம் ஆண்டு சனவரியில், வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் குண்டுக்கு இரையானார். விசாரணைக்கு ஆணைக்குழு அமைந்தது. கோவிந்தனின் மனைவிக்காகக் கொல்வின் ஆர். டி சில்வா அவர்கள் தோன்றி வாதாடினார். அந்தத் தோட்டத்தில் எழுந்த பூசல், பொலிஸ் மாஅதிபரின் அதிகாரம் பற்றிய பெரும் பிணக்காக வளர்ந்து, அமைச்சர் குழாம் பதவி துறக்கும் அளவிற்குப் போயிற்று. ஒரு மலைத்தோட்டத்து வேட்டொலி அரசமைப்பையே உலுக்கியது என்றால் மிகையன்று.

ஆனால் எனக்கு, மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில், அந்த வரலாற்றிலே மனத்தைத் தைப்பது வேறொன்று. தொழிலாளர் தமிழிற் சொன்னதும் பொலிசார் சொன்னதும் துரை சொன்னதும் ஆங்கிலத் தாளில் ஒன்று சேர்ந்தபோதுதான் அவை சாட்சியம் ஆயின. ஒரு வழியின் வளைவில் நின்றவர்கள் எத்தனை பேர், கல் எறிந்தவர் உண்டா, ஓடியவன் எந்தப் பக்கம் ஓடினான் என்பவையெல்லாம் சொல்லை நம்பியே நிறுவப்பட வேண்டியிருந்தன. கொழும்பிலிருந்து பெரிய சட்டத்தரணி வந்தமையால் தொழிலாளியின் சொல்லுக்கும் ஒரு செவி கிடைத்தது. எல்லாத் தோட்டத்துக்கும் கொல்வின் வருவதில்லை.

இனி, கருவியின் பயன் பற்றி ஆராய்ந்தோர் கண்டது என்ன? கலிபோர்னியாவில் ரியால்ற்றோ என்று ஒரு நகரம் உண்டு. சனத்தொகை ஏறத்தாழ ஒரு இலட்சம். வீதிக் கடமைக்குச் செல்லும் பொலிசார் ஐம்பதுக்குச் சற்று மேற்பட்டோர். 2012ஆம் ஆண்டு பெப்ரவரி தொடங்கி ஓராண்டு, சில நாட்களில் கமராவுடனும் சில நாட்களில் கமராவின்றியும் அவர்களை அனுப்பிப் பார்த்தார்கள். அவ்வாண்டிற் பொலிசார் பலத்தைப் பிரயோகித்த சம்பவங்கள் பாதிக்கும் மேலாகக் குறைந்தன. பொதுமக்களின் முறைப்பாடுகளோ விரல்விட்டு எண்ணத்தக்கனவாயின. உலகெங்கும் இச்செய்தியைக் கொண்டாடினார்கள். பின்னர் வாசிங்டன் மாநகரில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட உத்தியோகத்தரைக் கொண்டு இதைவிடப் பெரிய ஆய்வு நடந்தது. 2017ஆம் ஆண்டு அதன் முடிவு வெளிவந்தபோது, அணிந்தோர்க்கும் அணியாதோர்க்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை என்று கண்டார்கள். கொண்டாட்டம் அடங்கியது.

2020ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் மினியாப்போலிஸ் நகரில் ஜோர்ஜ் புளொயிட் என்பவரின் கழுத்தில் ஒரு பொலிஸ்காரர் முழங்காலை ஊன்றியிருந்தபோது, அங்கு நின்ற பொலிசார் கமரா அணிந்துதான் இருந்தார்கள். ஆயினும் உலகத்தின் மனச்சான்றை எழுப்பியது அந்தக் கமராக்கள் அல்ல. வீதியில் நின்ற பதினேழு வயதுப் பெண்ணின் கைத்தொலைபேசியே. பொலிசாரின் பதிவு பல வாரங்களுக்குப் பின்பே வெளியே வந்தது. கண் இருந்தது, ஆனால் அந்தக் கண்ணின் சாவி பொலிசாரின் பெட்டியில் இருந்தது.

இதற்குத் தமிழகத்திலேயே நமக்கு ஒரு பாடம் கிடைத்தது. தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளத்தில், 2020ஆம் ஆண்டு யூன் 19ஆம் நாள், வணிகர் ஒருவரும் அவருடைய மகனும் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்டனர். ஊரடங்குக் காலத்திற் கடையைக் குறித்த நேரத்துக்கு மேல் திறந்து வைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. இரவு முழுவதும் துன்புறுத்தப்பட்டனர். சில நாட்களுள் இருவரும் இறந்தனர். உயர் நீதிமன்றத்தின் பணிப்பின் பேரில் நீதவான் ஒருவர் அந்நிலையத்துக்குச் சென்றார். அங்கே சுவரிற் கமரா இருந்தது. பதிவுகளைச் சேமித்து வைக்கப் போதிய இடமும் அந்த இயந்திரத்தில் இருந்தது. ஆனால் ஒவ்வொரு நாளின் பதிவும் அன்றன்றே தானாக அழிந்துபோகும்படி அமைத்து வைத்திருந்தார்கள்! அந்த இரவைப் பற்றி நீதவானிடம் வாய் திறந்தவர் அந்நிலையத்தின் பெண் தலைமைக் காவலர் ஒருவரே. கைதானபோது இருவரும் தரையிற் புரண்டு முரண்டு பிடித்தனர் என்று பொலிசார் எழுதியிருந்தனர். அயலிலிருந்த கடையின் கமராப் பதிவோ அப்படி எதையும் காட்டவில்லை. கடைக்காரரின் கருவி பேசிற்று; அரசாங்கத்தின் கருவி தன் நினைவை இழந்து நின்றது. அவ்வாண்டு திசெம்பரில் இந்திய உயர்நீதிமன்றம், நாட்டின் ஒவ்வொரு பொலிஸ் நிலையத்திலும் ஒலியையும் பதியும் கமராக்கள் வேண்டும் என்றும், பதிவுகள் மாதக்கணக்கிற் பேணப்பட வேண்டும் என்றும் கட்டளை பிறப்பித்தது.

ஆகவே கமரா வேண்டுமா, வேண்டாமா என்று மட்டும் கேட்பது அரைக் கேள்வி. அதன் விசை யார் கையில்? பதிவு யார் பொறுப்பில்? எத்தனை நாள்? இவற்றையும் சேர்த்துக் கேட்டாலே கேள்வி முழுமையாகும்.

எங்கள் தோட்டப்புறங்களுக்கு உரிய சில சங்கடங்களையும் இங்கே சொல்லியாக வேண்டும். சபரகமுவையின் தமிழ்த் தொழிலாளர் நுவரெலியாவிற் போலத் திரளாக வாழ்பவர் அல்லர். இங்கொரு தோட்டம், அங்கொரு தோட்டமாகச் சிங்களக் கிராமங்களுக்கு இடையே சிதறிக் கிடப்பவர்கள். பெரும்பாலான நாட்களில் அயலவரோடு உறவாகவே வாழ்கின்றார்கள். கல்யாணத்துக்கும் சாவுக்கும் போய் வருகின்றார்கள். கெட்ட காலம் வரும்போது மட்டுமே தனித்து நிற்கின்றார்கள். 1977ஆம் ஆண்டிலும் 1981ஆம் ஆண்டிலும் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் லயங்கள் எரிந்தபோது, காட்டுக்குள் இரவைக் கழித்தவர்களை நான் அறிவேன். அவர்களிற் பலர் பின்னர் வவுனியாப் பக்கம் போய்க் குடியேறினார்கள். பொலிசார் வந்து அடித்தார்கள் என்பதைவிட, பொலிசார் வரவில்லை என்பதே அவர்கள் என்னிடம் சொன்ன பெருங்குறை. வராத பொலிஸ்காரரின் கமரா எதைப் பதிவு செய்யும்?

இது வெறும் விதண்டாவாதம் அன்று. தெரணியகலையின் நூரித் தோட்டத்துத் துரை 2013ஆம் ஆண்டு யூலையிற் கொலையுண்டதை நேயர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். 2016ஆம் ஆண்டில் அவிசாவளை மேல் நீதிமன்றம், பிரதேச சபையின் முன்னாள் தலைவர் ஒருவர் உட்படப் பலருக்கு மரண தண்டனை விதித்தது. துரைக்கே அந்தக் கதி என்றால், லயத்திற் குடியிருந்தவர்கள் எத்தகைய அச்சத்தோடு வாழ்ந்திருப்பார்கள் என்பதை நான் விரித்துரைக்கத் தேவையில்லை. அத்தகைய இடத்திற் பொலிசாரின் கமரா மட்டும் போதாது. முறைப்பாடு கிடைத்த மணி, புறப்பட்ட மணி, போய்ச் சேர்ந்த மணி ஆகியவையும் வெளியாருக்குத் தெரிய வேண்டும். இப்போதைய கருவிகளிற் பல, இருந்த இடத்தையும் நேரத்தையும் தாமாகவே குறித்துக்கொள்கின்றன என்பதால் இதிலும் ஓரளவு பயன் உண்டு. ஓரளவே.

மற்றொரு சங்கடம் வீடு பற்றியது. லயத்து அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. அடுப்பும் படுக்கையும் சாமிப் படமும் பிள்ளையின் பள்ளிக்கூடப் புத்தகமும் அந்த ஒரே அறையில். கசிப்புத் தேடிப் பொலிசார் உள்ளே நுழையும்போது, கமராவும் நுழைகின்றது. குளித்துவிட்டுத் தலை துவட்டும் பெண்ணும், பாயிற் கிடக்கும் நோயாளியும் அதில் அகப்படுவார்கள். நகரத்து மாளிகைக்காரருக்கு முன்கூடம் என்று ஒன்று உண்டு; பொலிசாரை அங்கேயே நிறுத்திப் பேசலாம். லயத்தில் வாசற்படியைத் தாண்டினால் வீடு முழுவதும் தாண்டியாயிற்று. கணவன் அடிக்கின்றான் என்று முறையிட வரும் பெண்ணின் முகமும், கசிப்பு விற்பவனைக் காட்டிக்கொடுக்கும் மனிதரின் குரலும் ஒரு பதிவில் இருக்கும் என்றால், அந்தப் பதிவு தவறான கையிற் சிக்கினால், அவர்கள் அதே லயத்தில் மறுநாள் எப்படி வாழ்வார்கள்? தனியாள் தரவுகளைப் பாதுகாக்க 2022ஆம் ஆண்டிலே 9ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. சாட்சிகளைப் பாதுகாக்கவும் சட்டம் உண்டு. ஆனால் கைத்தொலைபேசிக்குக் கைத்தொலைபேசி காணொளி பறக்கின்ற இக்காலத்தில், பதிவைப் பார்த்தவர் யார், எப்போது பார்த்தார் என்பதற்கும் கணக்கு இருத்தல் வேண்டும். அக்கணக்கு இல்லையேல், கமராவைச் சுமந்து வரும் பொலிசாரை என் சகோதரிகள் வரவேற்கமாட்டார்கள். நானும் அவர்கள் பக்கமே நிற்பேன்.

பொலிசாரின் நிலைமையையும் நான் மறக்கவில்லை. 1865ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் கீழ் இன்றுவரை பணிபுரியும் படை அது. சம்பள நாள் இரவில், குடித்து வெறித்த நாற்பது பேருக்கு நடுவே தன்னந்தனியாக நிற்கும் கான்ஸ்டபிளை நான் பார்த்திருக்கின்றேன். அவர் கையை உயர்த்தாமலேயே, அடித்தார் என்று மறுநாள் முறைப்பாடு எழுதியவர்களையும் பார்த்திருக்கின்றேன். அப்படிப்பட்ட நேர்மையாளர் ஒருவர், ஓய்வு பெற்ற பின் என்னிடம், "அந்தக் காலத்தில் என் சட்டையில் ஒரு கமரா இருந்திருந்தால் மூன்று விசாரணைகளிலிருந்து தப்பியிருப்பேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். ஒரே பதிவு இரு தரப்பையும் காக்கும் என்பதற்கு அவர் ஒரு சான்று.

சரி, சட்டம் செய்வதாயின் எத்தகைய சட்டம்? என் சிற்றறிவுக்கு எட்டியதைச் சொல்கின்றேன்.

கைது, தேடுதல், வாக்குமூலம் பெறுதல், கூட்டத்தைக் கலைத்தல் ஆகிய இந்நேரங்களில் விசை திறந்தே இருத்தல் வேண்டும். திறவாவிடின் காரணம் எழுதப்படல் வேண்டும். காரணம் தகாததாயின், அது உத்தியோகத்தருக்கு எதிரான அனுமானமாகக் கொள்ளப்படல் வேண்டும். பதிவு செய்யப்படுகின்றது என்பதை மக்களுக்கு அவர்கள் மொழியிற் சொல்லுதல் வேண்டும். அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை, கைதாகும் எவருக்கும் கைதின் காரணம் அறிவிக்கப்பட வேண்டும் என்கின்றது. விளங்காத மொழியில் அறிவித்தல் அறிவித்தலாகாது. கமரா இருந்தால், எந்த மொழியில் அறிவித்தார்கள் என்பது தெரிந்துபோகும். இந்த ஒரு பயனுக்காகவே அதை வாங்கலாம் என்பேன்.

பதிவை அந்தந்தப் பொலிஸ் நிலையத்தின் அலுமாரியில் வைத்தலாகாது. அதன் பிரதி ஒன்று பொலிஸ் திணைக்களத்துக்கு வெளியே, நீதிமன்றத்தின் அல்லது சுயாதீன ஆணைக்குழு ஒன்றின் காவலில் இருத்தல் வேண்டும். எத்தனை நாள் என்று கேட்பீர்கள். அடிப்படை உரிமை மீறப்பட்டவர் உயர் நீதிமன்றுக்குச் செல்ல அரசியலமைப்பு தரும் தவணை ஒரு மாதம். தோட்டத் தொழிலாளி அந்த ஒரு மாதத்துள் சட்டத்தரணியைக் கண்டுபிடிப்பதே அரிது. ஆதலால் ஆறு மாதத்துக்குக் குறையாமல், வழக்குத் தொடரப்பட்டால் அது முடியும் வரை, பேணல் வேண்டும். பதிவை நீதிமன்றம் ஏற்குமா என்ற ஐயம் தேவையில்லை. 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்று விசேட ஏற்பாடுகள் சட்டம், சம்பவ நேரத்து ஒலி ஒளிப் பதிவுகளைச் சான்றாக ஏற்க வழி வகுத்து இப்போது முப்பது ஆண்டுகள் ஆகின்றன.

கடைசியாக ஒன்று, எனக்கு இதுவே முதன்மையானது. ஒலியைப் பதிந்தால் மட்டும் போதாது. பதிந்த தமிழைக் கேட்டு விளங்கிக்கொள்ள ஆள் வேண்டும். தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் ஒருவரேனும் இல்லாத நிலையத்தில், கமரா பதிந்த தமிழும் யாரோ ஒரு கடைக்காரரின் வாய்வழியாகவே சிங்களமாகும். பிறகு பழைய கதைதான். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. கிழவரின் சொந்தக் குரல் அழியாமல் இருக்கும். அவரிடம் கேட்கப்பட்ட கேள்வியும் இருக்கும். நீதிமன்றில் என்னைப் போன்ற ஒருவன் அதனை மீண்டும் கேட்டு, மீண்டும் மொழிபெயர்க்கலாம்.

செலவு என்னாகும் என்று திறைசேரி கேட்கும், கேட்க வேண்டியதுதான். கருவியைவிட, பதிவுகளைச் சேமிக்கும் செலவே பெரிது என்று பிற நாடுகள் அனுபவத்திற் கண்டிருக்கின்றன. நாடு முழுவதும் ஒரே நாளில் முடியாதெனின், தொடங்கும் இடத்தைக் கொழும்பிலே தேடாமல், பலாங்கொடை, இறக்குவானை, தெரணியகலை, எட்டியாந்தோட்டை முதலிய நிலையங்களிற் சிலவற்றிலே தொடங்கிப் பார்க்கலாம். ரியால்ற்றோவிற் போல ஓராண்டு நடத்தலாம். வாசிங்டனிற் போலக் கணக்குப் பார்த்து, பயன் இல்லையெனின் இல்லையென்று ஒப்புக்கொள்ளலாம். மொழி குறுக்கே நிற்கும் இடத்திலே இக்கருவி என்ன செய்யும் என்பதை அந்த இரு நகரங்களும் ஆராயவில்லை. எங்கள் மலைகளிலே அதை ஆராயலாம்.

அந்தக் கிழவர் வழக்கு முடிந்த அன்று, நீதிமன்றத் தாழ்வாரத்தில் என்னிடம் வந்தார். என்னைக் குறை கூறவில்லை. முறிந்து கோணலாகப் பொருந்தியிருந்த கையை மறு கையாற் பிடித்துக்கொண்டு, "முதலியார் ஐயா, நான் சொன்னதை நான் சொன்ன மாதிரியே எழுதி வைக்க ஒரு வழியும் இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்றுதான் அன்று சொன்னேன்.